கறுப்பும் களையும்

மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா மறையுரை



போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு பெண் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன். நெற்றியில் தண்ணீர் விழுந்தபோது அது அழவில்லை. கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. பதிவேட்டில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது பாட்டி பக்கத்தில் வந்து பெருமையாகச் சொன்னார்: "கறுப்பா இருந்தாலும் பிள்ளை களையா இருக்கா, இல்லையா சாமி?" நானும் "ஆமாம்மா" என்று தலையாட்டினேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறுத்தியது. பிறந்து நாற்பது நாள் ஆன பிள்ளை. அதற்குள் ஓர் "இருந்தாலும்" அதன்மேல் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதற்கு நானும் சாட்சி.

பாட்டி கோபித்துக்கொள்ளமாட்டார், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை. ஏனென்றால் அந்த "இருந்தாலும்" விவிலியத்திலேயே இருக்கிறது. இனிமைமிகு பாடல், முதல் அதிகாரம், ஐந்தாம் வசனம். எருசலேம் மகளிரைப் பார்த்து ஒரு பெண் பேசுகிறாள். தான் கறுப்பு என்கிறாள். தான் அழகு என்கிறாள். இரண்டுக்கும் நடுவே எபிரேயத்தில் நிற்பது "வாவ்" என்ற ஒற்றை எழுத்து. அதற்கு "உம்" என்றும் பொருள் கொள்ளலாம், "ஆனால்" என்றும் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "உம்" என்று எடுத்தது. புனித எரோணிமுஸ் லத்தீனில் பெயர்த்தபோது "ஆனால்" போட்டார். மேற்குத் திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த "ஆனால்" என்பதைத்தான் ஓதியது. நம் தமிழ் விவிலியங்களும் "இருந்தாலும்", "இருப்பினும்" என்றே சொல்கின்றன. எரோணிமுஸ் மாபெரும் அறிஞர். அவர் நூல்களைப் புரட்டி வளர்ந்தவன் நான். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் அவரைவிட அந்தப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களே பெண்ணின் குரலைச் சரியாகக் கேட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வசனத்தை முழுதும் படித்துப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கிற குரலா அது? தன்னைச் சாலமோனின் திரைச்சீலைகளோடு ஒப்பிடுகிறவள் அவள்!

அடுத்த வசனத்தில் காரணமும் சொல்கிறாள். அண்ணன் தம்பிமார் சினங்கொண்டு அவளைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள், வெயில் சுட்டுவிட்டது. இவளை ஆப்பிரிக்க வழிப் பெண்களோடு சேர்த்துப் பேசினால், இது வெயிலில் கறுத்த கதைதானே, ஆப்பிரிக்காவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிறருடைய தோட்டத்தில் வெயிலில் நிறுத்தப்பட்ட பெண்கள் அந்த வசனத்தைப் படித்தபோது, இது நம் அக்கா என்று அறிந்துகொண்டார்கள். கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டு, பருத்திக் காட்டிலும் கரும்புக் காட்டிலும் நின்ற ஆப்பிரிக்கப் பெண்களின் வழிவந்தவர்களை நினைத்துச் சொல்கிறேன்.

இன்றைய முதல் வாசகத்தில் வேறொரு பெண் வருகிறாள். திருவெளிப்பாட்டில் கதிரவனை ஆடையாக அணிந்து வானில் தோன்றும் பெண். பழைய ஏற்பாட்டில் ஒருத்தி வெயிலில் கறுத்தவள். புதிய ஏற்பாட்டில் ஒருத்தி வெயிலையே உடுத்தவள். இந்த இரண்டு பெண்களையும் திருச்சபை மரியாவாகவே பாடி வந்திருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் புரட்டிவிட்டு நற்செய்திக்கு வருகிறேன். எண்ணிக்கை நூல், 12ஆம் அதிகாரம். மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்தார். எகிப்துக்குத் தெற்கே இருந்த கறுத்த மக்களின் நாடு அது. அக்கா மிரியாமும் ஆரோனும் இதை வைத்து முணுமுணுத்தார்கள். காரணம் நிறம்தான் என்று நூல் சொல்லவில்லை. அவள் கூசு நாட்டவள் என்பதை மட்டும் ஒரே வசனத்தில் இரண்டு தடவை சொல்கிறது. அந்தக் குடும்பச் சண்டையில் கடவுள் தலையிட்டதும் மிரியாமின் தோல் என்ன ஆனது தெரியுமா? தொழுநோயால் வெளுத்துப்போனது, பனியைப் போல. விவிலியத்துக்கு நகைச்சுவை தெரியாது என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

இனி நற்செய்தி. யூதேய மலைநாட்டில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் சந்திக்கிறார்கள். ஆண் குரல் எதுவும் இல்லை; வீட்டுக்காரர் செக்கரியா அன்று வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். எலிசபெத்து மரியாவைப் புகழ்கிறார். எதைப் புகழ்கிறார்? வயிற்றை. நாமும் செபமாலையில் ஐம்பத்துமூன்று தடவை "திருவயிறு" என்கிறோம், யாரும் கூச்சப்படுவதில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் உடலைப் பார்த்து, கடவுளின் ஆசி இங்கே இருக்கிறது என்று உரக்கச் சொல்கிறார். அந்தப் புகழ்ச்சி காதில் விழுந்த பிறகே மரியாவின் பாடல் பிறக்கிறது. அரியணைகள் கவிழ்வதையும் பசித்தவர் வயிறு நிறைவதையும் பாடுகிற பாடல். சில பழைய லத்தீன் ஏடுகளில் இதைப் பாடியவர் எலிசபெத்து என்றே எழுதியிருக்கிறது. யார் பாடினால் என்ன, புதிய ஏற்பாட்டின் முதல் கவிதை ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது.

கலிலேயாவின் சிற்றூர்ப் பெண்ணிடம், இதை நீதான் பாடினாயா என்று அன்று யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. பிலிஸ் வீட்லியிடம் கேட்டார்கள். 1761இல் ஓர் அடிமைக் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து இறக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. அதை வைத்து ஏழெட்டு வயது இருக்கும் என்று கணக்கிட்டார்கள். கப்பலின் பெயர் பிலிஸ். வாங்கியவரின் பெயர் வீட்லி. இரண்டையும் சேர்த்து அவளுக்குச் சூட்டினார்கள். பெற்றவள் வைத்த பெயர் எங்கும் பதிவாகவில்லை. ஊரைப் பற்றி அவளுக்கு நினைவில் நின்றது ஒன்றே ஒன்று என்று பிற்கால வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது: காலையில் உதிக்கும் சூரியன் முன்னால் அம்மா தண்ணீர் ஊற்றி வணங்குவாள். மறுபடியும் அந்தச் சூரியன், பாருங்கள். அந்தச் சிறுமி ஆங்கிலம் கற்றாள், லத்தீன் கற்றாள், விவிலியம் கற்றாள்; 1771இல் திருமுழுக்குப் பெற்றாள்; கவிதை எழுதினாள். ஓர் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணால் இப்படி எழுத முடியும் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், மாசசூசெட்ஸ் ஆளுநர் உட்பட பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள், இவளே எழுதியவை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். 1773இல் லண்டனில் புத்தகம் வந்தது. அவளுடைய எட்டு வரிக் கவிதை ஒன்று புகழ்பெற்றது. ஆப்பிரிக்காவிலிருந்து தன்னைக் கொண்டுவந்ததே கடவுளின் இரக்கம் என்பதுபோல் அது தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் எனக்கும் கசக்கிறது. ஆனால் முடியும்போது எசமானர்களின் கோயிலுக்குள்ளேயே நின்று, கறுத்தவரும் வானதூதர் வரிசையில் சேர்வார்கள் என்று கிறிஸ்தவர்களுக்கு நினைவூட்டுகிறாள். விடுதலை பெற்ற பிறகு 1774இல் எழுதிய கடிதம் ஒன்றில் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறாள்: ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுளே விடுதலை வேட்கையை விதைத்திருக்கிறார் என்று. அது 1784இல், முப்பத்தொரு வயது அளவில், வறுமையில் இறந்துபோன பெண்ணின் இறையியல்.

இன்று நான் அதிகம் பேச நினைத்தது வேறொருவரைப் பற்றி. அவர் கவிஞர் அல்ல. ஒரு கவிதையால் வீடு திரும்பியவர்.

சாரா பார்ட்மன் தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்துப் பெண். 1810இல் அவரைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். எதற்கு? காட்சிக்கு. பெரிய இடுப்பும் பின்புறமும் கொண்ட அந்தப் பெண்ணை மேடையில் நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். கூட்டம் சுற்றி நின்று பார்த்தது, சிரித்தது, சிலர் குத்தியும் பார்த்தார்கள். அடிமை ஒழிப்புக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒப்பந்தம் இருக்கிறது என்று வழக்கு முடிந்தது. அடுத்த ஆண்டு, 1811 டிசம்பர் 1ஆம் தேதி, மான்செஸ்டரில் இன்று பேராலயமாக இருக்கும் கோயிலில் அவர் திருமுழுக்குப் பெற்றார். பதிவேட்டில் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்திலேயே அவருடைய இனத்தையும், வெள்ளையர் அன்று வைத்திருந்த இழிபெயரால், எழுதியிருக்கிறார்கள். நம் பங்குப் பதிவேட்டில் பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, நிறத்துக்குக் கிடையாது. அந்த ஊர் ஏட்டிலும் கிடையாதுதான். இருந்தும் எழுதினார்கள்.

ஆக, சாரா நம் சகோதரி. உருவகமாகச் சொல்லவில்லை. ஒரே தண்ணீரில் பிறந்தவர்.

1814இல் அவரைப் பாரிசுக்குக் கொண்டுபோய், விலங்குகளைக் காட்டிப் பிழைத்த ஒருவனிடம் விட்டார்கள். 1815 கடைசியில் இறந்தார். அதன்பிறகு நடந்ததைத் திருப்பலியில் விவரிக்க மனம் ஒப்பவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அக்காலத்தின் புகழ்பெற்ற விஞ்ஞானி ஜார்ஜ் குவியே அவர் உடலை அச்சில் வார்த்து எடுத்தார், பிறகு அறுத்தார். மூளையையும் பெண்ணுறுப்பையும் கண்ணாடிச் சாடிகளில் போட்டு வைத்தார்கள். எலும்புக்கூடும் வார்ப்பும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் 1970கள் வரை மக்கள் பார்வைக்கு நின்றன. அவருக்கு மண் கிடைக்கவில்லை. செத்தவர்களை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று சிறுவயதில் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். விவிலியத்தில் தோபித்து உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை அது. ஒரு கிறிஸ்தவ நகரத்தின் நடுவில், திருமுழுக்குப் பெற்ற ஒரு பெண்ணின் எலும்புகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் நின்றன.

1994இல் விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்கா அவரைத் திருப்பிக் கேட்டது. பிரான்சின் பதில் சட்டத்தின் வழியாக வந்தது: அருங்காட்சியகப் பொருள்கள் நாட்டின் சொத்து, கைமாற்ற முடியாது. ஒரு பெண்ணின் எலும்பு நாட்டின் சொத்து! பேச்சுவார்த்தை ஆண்டுக் கணக்கில் இழுத்தது.

1998இல் டயானா ஃபெரஸ் என்ற தென்னாப்பிரிக்கப் பெண் ஹாலந்தில் உத்ரெக்ட் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தார். கோய் மரபில் வந்தவர். ஊர் நினைவு வாட்டியது. தன்னைப்போலவே கடல் தாண்டி வந்து, திரும்பிப் போகாத சாராவின் நினைவு வந்தது. ஒரு கவிதை எழுதினார். அதில் கோபம் உண்டு, ஆனால் அது கோபக் கவிதை அல்ல. ஒரு பெண் தன் அக்காவைக் கூட்டிப்போக வந்து வாசலில் நிற்கும் கவிதை. ஊர் மலையைக் காட்டுகிறார், ஓடைத் தண்ணீரைக் காட்டுகிறார், புதினாவையும் புரோட்டியா பூவையும் காட்டுகிறார்; உலகம் உற்று உற்றுப் பார்த்துச் சிரித்த அந்த உடலின் அழகைப் பாடி, போர்த்தி, அழைக்கிறார். எலிசபெத்தின் வாசல் நினைவுக்கு வரவில்லையா?

அந்தக் கவிதை பிரெஞ்சு செனட்டர் நிக்கோலா அபூவின் கண்ணில் பட்டது. ஃபெரஸிடம் அனுமதி கேட்டு எழுதினார். கவிதையைப் பிரெஞ்சில் பெயர்த்துத் தம் மசோதாவோடு சேர்த்தார், செனட்டில் வாசித்தார். 2002 மார்ச் 6ஆம் தேதி, இந்த ஒரு பெண்ணுக்காக மட்டும், ஒரு சட்டம் நிறைவேறியது. தூதரகங்கள் எட்டு ஆண்டுகளாக அசைக்க முடியாததை ஒரு கவிதை தனியாக அசைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த எட்டு ஆண்டு உழைப்பும் தேவைப்பட்டது. ஆனால் "பொருள்" என்று கோப்பில் இருந்ததைப் "பெண்" என்று அந்த அவைக்குச் சொல்லிக் காட்டியது கவிதைதான். 2002 மே மாதம் சாரா கேப் டவுனில் இறங்கினார். ஆகஸ்ட் 9ஆம் தேதி கிழக்குக் கேப் பகுதியில் ஹான்கி என்ற ஊரின் குன்றின்மேல் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தத் தேதி அந்த நாட்டின் மகளிர் நாள். 1956இல் நிறவெறி அரசின் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் திரண்ட நாள். நம் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஆறு நாள் முன்பு.

இதைச் சொல்லும்போது இன்னொரு கவிஞரும் நினைவுக்கு வருகிறார். லூசில் கிளிஃப்டன், அமெரிக்கர். அவர் குடும்பத்தின் மூதாட்டி ஒருத்தி தகோமியில், அதாவது இன்றைய பெனின் நாட்டில், பிடிபட்டவள். எட்டு வயதில் நியூ ஆர்லியன்சிலிருந்து வர்ஜீனியா வரை நடத்திக் கொண்டுபோகப்பட்டாள் என்பது அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை. கிளிஃப்டன் 1980இல் வெளியிட்ட தொகுப்பில் தன் இடுப்புக்கு ஒரு வணக்கப் பாட்டு இருக்கிறது, தன் தலைமுடிக்கு ஒரு வணக்கப் பாட்டு இருக்கிறது. சாமியார் பீடத்தில் நின்று இடுப்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று யாரோ நெளிவது தெரிகிறது. இனிமைமிகு பாடலின் ஏழாம் அதிகாரத்தை வீட்டில் போய்ப் படியுங்கள், பிறகு பேசுவோம். லண்டன் கூட்டம் காசு கொடுத்துப் பார்த்துச் சிரித்த அதே உடல்வாகை, ஆறு பிள்ளை பெற்ற ஒரு கறுப்பினத் தாய் சிரித்துக்கொண்டே, அதிகாரத்தோடு, கொண்டாடுகிறார். அதே தொகுப்பில் வேறு என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? மரியாவைப் பற்றிய கவிதைகள். ஒரே புத்தகத்துக்குள் தன் இடுப்பும் நம் அன்னையும். அவருக்கு அதில் முரண் தெரியவில்லை. இன்றைய பெருவிழாவைக் கொண்டாடுகிற நமக்கும் தெரியக் கூடாது.

திருச்சபைக்குள் இதைச் சொன்னவர் சகோதரி தியா போமன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி; ஆங்கில இலக்கியத்தில் முனைவர். 1989 ஜூன் 17ஆம் தேதி, எலும்புவரை பரவிய புற்றுநோயோடு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, அமெரிக்க ஆயர்கள் கூட்டத்தில் பேசினார். பேச்சின் தொடக்கத்திலேயே பாடினார். தாயில்லாப் பிள்ளையின் துயரத்தைச் சொல்லும் பழைய அடிமைப் பாடலை. கறுப்பினப் பெண்ணான நான் என் பாட்டையும் என் ஆட்டத்தையும் என் முன்னோரின் நினைவையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு இந்தக் கோயிலுக்குள் வரமாட்டேன், அவை திருச்சபைக்கு நான் கொண்டுவரும் காணிக்கை என்பதே அவர் பேச்சின் சாரம். கடைசியில் ஆயர்கள் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொள்ளச் சொல்லி, தன்னோடு பாட வைத்தார். பல ஆயர்கள் அழுதார்கள். அடுத்த மார்ச்சில் இறந்தார். இப்போது அவர் இறை ஊழியர். புனிதர் பட்டத்துக்கான பணி நடக்கிறது.

ஏன் இதையெல்லாம் விண்ணேற்பு நாளில் சொல்கிறேன்? 1950 நவம்பர் 1ஆம் தேதி திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இந்த மறையுண்மையை அறிவித்தார்: மரியா ஆன்மாவோடும் உடலோடும் விண்ணக மகிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். உடலோடு. அதே ஆண்டு மே மாதம் சிகாகோவின் கறுப்பினப் பெண் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் புலிட்சர் பரிசு பெற்றார். அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பினத்தவர். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தற்செயல்தான். எனக்கு அந்தத் தற்செயல் பிடித்திருக்கிறது, அவ்வளவே. மரியாவின் நிறம் என்ன என்று அந்த அறிவிப்பு சொல்லவில்லை. கலிலேயாவில் தண்ணீர் சுமந்த பெண்ணின் நிறம் நம் படக்காரர்கள் தீட்டும் ரோஜா நிறமாக இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். அந்தக் கையும் காலும் தோலும் முடியும் கடவுளுக்கு வேண்டியிருந்தன. வெளுக்க வைத்து எடுத்துக்கொள்ளவில்லை, இருந்தபடியே எடுத்துக்கொண்டார்.

2015இல் ஹான்கி குன்றில் சாராவின் கல்லறையை யாரோ நாசப்படுத்தினார்கள். கல்லை உடைக்கவில்லை. வெள்ளைப் பெயின்ட்டை அதன்மேல் ஊற்றிவிட்டுப் போனார்கள். இறந்து இருநூறு ஆண்டு கழித்தும் ஒரு பெண்ணை வெள்ளையடிக்கக் கை நீள்கிறது. செய்தியைப் படித்தபோது எனக்கு மிரியாம் நினைவுக்கு வந்தாள்.

இப்போது நம்பிக்கை அறிக்கை சொல்லப்போகிறோம். அதில் உடலின் உயிர்ப்பு என்ற இடம் வரும். வழக்கமாக அந்த இடத்தில்தான் நமக்கு வேகம் கூடும். இன்று அங்கே கொஞ்சம் மெதுவாகச் சொல்வோம். திருப்பலி முடிந்ததும் சாக்கிறிஸ்து வாசலில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. பாட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். போன ஞாயிறு நான் சொன்ன "ஆமாம்மா"வைத் திருத்திச் சொல்ல வேண்டும்.

எழுந்து நிற்போம்.